கொடைக்கானலிலிருந்து நோட்டனுக்கு



நோட்டன் பிரிட்ஜில் எந்தப் பாலர் பாடசாலையையும் நாம் 'மொண்டிசோரி' என்றுதான் சொல்கிறோம். அந்தப் பெயருக்குரிய மரியா மொண்டிசோரி 1896இல் ரோமில் மருத்துவரானவர். 1907இல் அதே நகரின் சான் லொரன்சோவில், தாய் தகப்பன் வேலைக்குப் போனபின் தனித்துக் கிடந்த பிள்ளைகளைப் பொறுப்பேற்றார். கொழுந்துக்குப் போகும் அம்மாமாரின் பிள்ளைமடுவம் நமக்கு நினைவுக்கு வரவில்லையா?

1939இல் அடையாறுக்கு வந்தபோது வயது 69. மறுவருடம் இத்தாலி போரில் இறங்க, அவர் எதிரி நாட்டவரானார். ஊர் திரும்ப வழியில்லை. 1942 முதல் ஏறத்தாழ இரண்டு வருடம் கொடைக்கானலில், நம்முடையதைப் போன்ற பனிமலையில், பள்ளி நடத்தினார். இலங்கையின் லீனா விக்ரமரத்ன கூடநின்றார். அங்கே செடியும் பாசியும் பூச்சியும் பாடமாயின. ஒன்று மற்றொன்றில் தங்கி வாழ்வதைப் பிள்ளைகள் கண்ணாலேயே கண்டார்கள். 1944இல் நம் நாட்டுக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார்.

நம் மடுவத்துப் பிள்ளைகளோ சீமெந்துத் தரையில் அமர்ந்து 'அ' எழுதுகிறார்கள். வெளியே விட ஆயாமாருக்குப் பயம். குளவி, அட்டை, கீழே நீர்த்தேக்கம். அந்தப் பயத்தைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை, மலையில் வளர்ந்தவர்கள்தானே நாமும். ஆகவே ஆற்றங்கரை வேண்டாம். மடுவத்தைச் சுற்றிப் பத்து யார் நிலம், ஒரு வேலி, கீரைப் பாத்தி, பாசி படிந்த கல் நாலு போதும். கொழும்பிலும் கனடாவிலும் இருக்கும் தங்கைமார் வேலிக்கம்பிக்கும், சின்ன அளவு மழைச் சப்பாத்துகளுக்கும் உதவுங்கள். பாத்தியை நாங்கள் கொத்துகிறோம்.