கடன் அட்டையில் சிக்கிய தொழிலாளியும் நம் கிளைகளும்

(கிளைச் செயலாளர்கள் வகுப்பில் ஆற்றிய உரையின் பகுதி)

தோழர்களே,

ஊதியம் தேங்கி நிற்கிறது. வாடகையும் பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் ஏறுகின்றன. அந்த இடைவெளியைக் கடன் அட்டை நிரப்புகிறது. போனசுக்காக வாயிற்கூட்டத்தில் முழங்கும் தொழிலாளி, இந்தக் கடனைப் பற்றி வாய் திறப்பதில்லை. வெட்கம் அவரைத் தனிமைப்படுத்துகிறது.

கணக்கைப் பாருங்கள். நிலுவை 1 லட்சம் ரூபாய், மாத வட்டி 3.5 சதவீதம் என்று கொள்வோம். வட்டி 3,500; அதன்மீது 18 சதவீத ஜிஎஸ்டி 630. அவர் 5,000 கட்டினால் அசலில் கழிவது வெறும் 870. புதிதாக எதுவும் வாங்காமல் மாதந்தோறும் 5,000 கட்டினாலும் கடன் தீர 44 மாதங்கள் ஆகும். ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் கடன் பெற்று அட்டையை அடைத்தால், அதே தவணையில் 23 மாதங்களில் தீரும். பல அட்டைகளின் கடனை ஒன்றாக்குவதன் பயன் இந்த வட்டி வேறுபாட்டில்தான் இருக்கிறது. வட்டி குறையாமல் தவணையை மட்டும் நீட்டுவது நிவாரணமல்ல.

30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்பளித்தது. வங்கிகள் மேல்முறையீடு செய்தன. 2024 டிசம்பர் 20 அன்று உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது. வட்டிக்கு உச்சவரம்பு வேண்டும் என்பது ஆகவே நமது அரசியல் கோரிக்கையாகிறது. ஆனால் நாளை காலை வசூல் முகவர் கதவைத் தட்டும் தோழருக்கு அக்கோரிக்கை மட்டும் போதாது.

முதலில் அவருடன் அமர்ந்து எல்லா அட்டைகளின் நிலுவையையும் வட்டியையும் ஒரே தாளில் எழுதுங்கள். பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் இருந்தால் அங்கே முதலில் கேளுங்கள்; அடுத்து, சம்பளக் கணக்குள்ள பொதுத்துறை வங்கியில். ஓர் அட்டையின் நிலுவையை இன்னோர் அட்டைக்கு மாற்றும் சலுகை சில மாதங்களுக்கே. பிறகு பழைய வட்டி திரும்பும். முன்பணம் கேட்டு, “பாதியில் முடித்துத் தருகிறோம்” என்போரை அண்டவிடாதீர்கள். அசலைக் குறைத்து முடிக்கப்பட்ட கடன், கடன் வரலாற்றில் அப்படியே பதிவாகும். பின்னர் வீட்டுக்கடன் கேட்கும்போது குறுக்கே நிற்கும்.

காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூல் முகவர்கள் அழைக்கக் கூடாது. குடும்பத்தாரையும் நண்பர்களையும் மிரட்டக் கூடாது. இவை ரிசர்வ் வங்கியின் விதிகள். மீறினால் தேதி, நேரம், எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அந்தப் புகாரை எழுத, கிளையில் ஒரு தோழரை இன்றே பொறுப்பாக்குங்கள்.