கரையைக் கடலிலிருந்து காண்போம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஓர் இலக்கிய அமைப்பு பத்தாண்டுகள் இடையறாது இயங்குவது எளிய செயலன்று. அந்நிறைவைக் கொண்டாட உறுப்பினர் அனைவரும் கூடி ஒரு கடற்பயணம் மேற்கொள்ளலாம் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. எந்தக் கப்பல், எந்தக் கரை என்பதில்தான் இன்னும் கருத்து ஒன்றுபடவில்லை. சிங்கப்பூர் என்பார் சிலர். ஐரோப்பா என்பார் சிலர். செலவைக் கேட்டதும் மெரினாக் கடற்கரையே போதும் என்பாரும் உளர். இந்நிலையில், உல்லாசக் கப்பற் பயணத்தைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்னும் பொருளில் பேச என்னைப் பணித்துள்ளனர். தமிழ் விரிவுரையாளருக்குக் கப்பலில் என்ன வேலை என்று நீங்கள் வினவக்கூடும். அவ்வினாவிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் இலக்கியத்தில் கடல் உண்டு, கலம் உண்டு, துறைமுகம் உண்டு. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக் கரையில் பண்டங்கள் மலைபோல் குவிகின்றன. ஆயினும் பாடுகின்ற கண் பெரும்பாலும் கரையிலேதான் நிற்கிறது. நெய்தல் திணையின் உரிப்பொருளே இரங்கல். கடலுக்குச் சென்றவன் மீள்வானோ என்று மணலில் நின்று நோக்கும் கண்ணே நெய்தலின் கண். பெண்ணொடு கடற்பயணம் மேற்கொள்ளும் வழக்கம் இல்லை என்று பொருள் கொள்ளத்தக்க நூற்பா ஒன்று தொல்காப்பிய அகத்திணையியலில் உண்டு. அதற்குப் பொருள் கொள்வதில் உரையாசிரியர்கள் வேறுபடுவர். ஆனால் இலக்கியம் நமக்குக் காட்டும் காட்சி தெளிவானது. மணிமேகலைக் காப்பியத்தில் சாதுவன் கடல் கடக்கிறான். ஆதிரை கரையில் இருக்கிறாள். மணிமேகலை முதன்முதலில் மணிபல்லவம் அடைந்ததும் கப்பலேறியன்று. உறங்கிக் கொண்டிருந்தவளை மணிமேகலா தெய்வம் வான்வழியே எடுத்துச் சென்றது. கப்பலேறிக் கடலைக் காணும் வாய்ப்பு அவளுக்கும் கிட்டவில்லை!

பிற்காலத்தில் நம் பெண்கள் கப்பல் ஏறினர். ஆனால் விரும்பித் தேர்ந்து ஏறியவர் மிகச் சிலர். இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் தோட்ட வேலைக்குச் சென்ற குடும்பங்களுக்குக் கப்பல் என்பது மேல்தளத்தில் ஒரு பாய் விரிக்கும் இடம். 1926-இல் கட்டப்பெற்று, ஏறத்தாழ அரை நூற்றாண்டு நம் கரைக்கும் மலேயாக் கரைக்கும் இடையே ஓடிய 'ரஜூலா'வின் பெயரைச் சொன்னால் இன்றும் கண் கலங்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். அடுத்து வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985-இல் தீ விபத்துக்கு உள்ளாயிற்று. அதனோடு அக்கடல்வழிப் பயணமும் முடிவுற்றது. வறுமையோ வணிகமோ போரோ செலுத்தாமல், காண வேண்டும் என்னும் விருப்பம் ஒன்றினாலேயே கடலேறும் வாய்ப்பு நம் தலைமுறைக்கு வாய்த்திருக்கிறது. ஆகவே இத்தேர்வைச் சிறு பொருளாக நான் கருதவில்லை.

இன்பப் பயணமாகக் கடலேறும் வழக்கம் மேலைநாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருப்பெற்றது. அதன் தொடக்கத்திலேயே எழுத்தாளர்கள் இருப்பதைக் கவிஞர் பெருமக்கள் கவனிக்க வேண்டும். 1844-இல் பி அண்டு ஓ நிறுவனம் ஆங்கில நாவலாசிரியர் தாக்கரேயைக் கட்டணமின்றி மத்தியதரைக் கடலுக்கு அழைத்துச் சென்றது. அவர் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். 1867-இல் மார்க் டுவெயின் 'குவேக்கர் சிட்டி' என்னும் கப்பலில் சென்றபோது பயணக் கட்டணத்தைச் செலுத்தியது ஒரு செய்தித்தாள். 1891-இல் ஆல்பர்ட் பாலின் என்பார் குளிர்காலத்தில் ஆளின்றிக் கிடந்த 'அகஸ்டா விக்டோரியா' என்னும் பெருங்கப்பலை மத்தியதரைக் கடல் உலாவுக்கு அனுப்பினார். ஆக, கப்பற் புகழ் பாடும் விளம்பரத் தாளுக்கும் நம் பரணி, உலாக்களுக்கும் உறவு உண்டு. புரவலரைப் பாடும்போது புலவர் சற்றே மிகைப்படுத்துவார் என்பதை நாம் அறிவோம். அவ்வறிவோடு விளம்பரத் தாளையும் படிக்க வேண்டும்.

இனித் தேர்வுக்கு வருவோம். நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான்: முதலில் கப்பலைத் தேராதீர்கள், கரையைத் தேருங்கள். அதிலும், கடலிலிருந்து காணத்தக்க கரையைத் தேருங்கள்.

விளம்பரத்தில் 'உரோமாபுரி' என்று அச்சிட்டிருக்கும். கப்பல் நிற்பதோ சிவிதாவெக்கியா என்னும் துறையில். அங்கிருந்து நகரம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். 'பாங்காக்' என்று இருக்கும். பெருங்கப்பல்கள் நிற்பது லேம் சாபாங் துறையில். நகரம் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். காலை 8 மணிக்குக் கரை சேர்ந்து மாலை 5 மணிக்குப் புறப்படும் கப்பலை எடுத்துக் கொள்ளுங்கள். கணக்குக்கு ஒன்பது மணி நேரம். இறங்குவதற்கு ஒரு மணி. மீண்டும் ஏறுவதற்குக் குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட வேண்டுமாதலால் மற்றொரு மணி. போகவர மூன்று மணி. எஞ்சுவது நான்கு மணி நேரம். அதில் உணவும் உண்டு, கடைத்தெருவும் உண்டு. ஆகவே துறைகளின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். துறையிலிருந்து நகரம் எவ்வளவு தொலைவு, நிற்கும் நேரம் எவ்வளவு என்னும் இரண்டையும் கேளுங்கள். ஐந்து துறைகளை அரைகுறையாகப் பார்ப்பதினும் இரண்டு துறைகளை நிறையப் பார்ப்பது மேல். கப்பல் கரையை ஒட்டி நிற்குமா, சிறு படகில் இறக்கிச் செல்வார்களா என்றும் கேளுங்கள். அலையில் ஆடும் படகில் கால் வைப்பது நம் மூத்த உறுப்பினர்களுக்குக் கடினம்.

இரண்டாவது கப்பல். 1912-இல் மூழ்கிய டைட்டானிக் 46,000 டன்னை ஒட்டியது. 2024-இல் ஓடத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' 2,48,000 டன்னுக்கு மேற்பட்டது. இந்த டன் எடையைக் குறிப்பதன்று. கப்பலின் உட்புறக் கொள்ளளவைக் குறிப்பது. அவ்வெண்ணைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒருவருக்குக் கிடைக்கும் இடம் எவ்வளவு என்பது ஓரளவு புலனாகும். முப்பதுக்குக் குறைந்தால் நெரிசல், நாற்பதைத் தாண்டினால் தாராளம் என்பது பயணிகளிடையே வழங்கும் பொது அளவுகோல். கடல் ஆட்டம் ஒத்துக்கொள்ளாதவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், தாழ்ந்த தளத்தில் அறை கேட்பது நலம். அங்கே ஆட்டம் குறைவு. சொன்ன கட்டணத்துக்கு மேல் துறைமுகக் கட்டணம், பணியாளர் அன்பளிப்பு, கரைச்சுற்றுலாச் செலவு ஆகியவை தனியே வருமா என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெறுக.

கட்டணத்தைப் பற்றி இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறேன். கப்பல் அறையின் விலை இருவர் தங்குவதாகக் கணக்கிட்டே வைக்கப்படுகிறது. தனியே செல்பவர் மற்றவரின் பங்கையும் பெரும்பாலும் சேர்த்துச் செலுத்த நேரும். சில கப்பல்களில் அது இருமடங்கு வரை எட்டும். நம் வட்டத்தில் மணமாகாத சகோதரிகளும் கணவரை இழந்தவர்களும் உள்ளனர். அவர்கள் கூச்சத்தால் 'எனக்கு வர இயலாது' என்று ஒதுங்கிக் கொள்வார்கள். நாமும் உடல்நலம் காரணம் போலும் என்று எண்ணிக் கொள்வோம். இருவர் இருவராக அறையைப் பகிர்ந்து கொள்ளும் ஏற்பாட்டைச் செயற்குழுவே முன்னின்று செய்ய வேண்டும். கடலைக் கரையில் நின்றே பார்க்க வைத்த மரபு, இன்று அறைக் கட்டணத்தின் வடிவில் தொடரலாகாது. ஒருமுறை பெட்டியைப் பிரித்து வைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்காமல், அடுத்த வேளைக்கு என்ன சமைப்பது என்னும் எண்ணமின்றி ஒரு பெண் நான்கு நாள் இருப்பாளாயின், அதுவே ஒரு கவிதைத் தொகுதிக்குப் போதும்.

மூன்றாவது பருவம். நம் வங்கக் கடலில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி புயற்காலம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலை மறக்க இயலுமா? மத்தியதரைக் கடலுக்கு ஜூலை, ஆகஸ்டு வெயிலையும் நெரிசலையும் தவிர்த்து ஏப்ரல், மே அல்லது செப்டம்பர், அக்டோபர் ஏற்றவை. அலாஸ்காவுக்குப் பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரை காலம்.

நான்காவது, கரையில் வாழும் மக்கள். ஒரே காலையில் சில ஆயிரம் பேர் ஒரு சிற்றூரில் இறங்கினால் அவ்வூர் என்னாகும்? வெனிஸ் நகர மக்கள் பல்லாண்டுகள் குரல் கொடுத்த பின்னர், 2021 ஆகஸ்டு முதல் பெருங்கப்பல்கள் புனித மார்க்கு சதுக்கத்தின் முன்னுள்ள நீர்வழியில் செல்லத் தடை விதிக்கப்பட்டது. அலாஸ்காவின் பனியாற்று விரிகுடாவில் நாளொன்றுக்கு இரண்டு உல்லாசக் கப்பல்களுக்கே இடமளிக்கப்படுகிறது. விருந்தோம்பலைப் பேசும் நாம், விருந்தினராகச் செல்லுங்கால் அளவறிந்து செல்லுதல் அறமன்றோ?

இந்நான்கையும் கொண்டு பார்த்தால், கரையைக் கடலிலிருந்து காட்டும் வழிகள் சில உள்ளன. அலாஸ்காவின் உட்கடல் வழி ஒன்று. மேல்தளத்தில் நின்றபடியே பனிமலை உடைந்து நீரில் விழக் காணலாம். நார்வேயின் கடலோரக் கப்பல் மற்றொன்று. 1893-இல் தொடங்கிய அவ்வழி இன்று பேர்கனுக்கும் கிர்க்கெனெசுக்கும் இடையே 34 துறைகளைத் தொடுகிறது. சரக்கையும் ஊர்மக்களையும் சுமந்து செல்லும் கப்பலாதலால் கரையின் உண்மை வாழ்வு அங்கே தெரியும். ஆனால் இரண்டும் நம்மில் பலருடைய வருவாய்க்கு எட்டாதவை. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பல்கள் செலவில் எளியவை. எனினும் அவற்றுள் சில குறும்பயணங்களில் கரையினும் கப்பலின் கேளிக்கையே முதன்மை பெறும் என்பதையும் கருதுங்கள்.

என் பரிந்துரை அண்மையிலேயே இருக்கிறது. 2022-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் புறப்படத் தொடங்கியது. 2023-இல் அது அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என இலங்கைத் துறைகளுக்கும் சென்றது. எந்தப் பருவத்தில் எத்துறைக்குச் செல்லும் என்பது மாறுவதால், முன்பதிவுக்கு முன் அவ்வாண்டுக்குரிய பயணத்திட்டத்தை உறுதி செய்து கொள்ள வேண்டும். திருகோணமலைத் துறை அதில் உண்டெனில் அதனையே தேர்க என்பேன். கடலுக்குள் நீண்ட செங்குத்துப் பாறையின் உச்சியில் கோணேசுவரம் நிற்கிறது. போர்த்துக்கீசியர் பதினேழாம் நூற்றாண்டில் பழைய கோயிலை இடித்து அங்கே கோட்டை எழுப்பினர். இன்றுள்ள கோயில் பின்னர் எழுந்தது. திருஞானசம்பந்தர் திருகோணமலைக்குப் பதிகம் பாடினார். பெரியபுராணத்தின்படி அவர் கடல் கடந்து சென்று பாடியதன்று. இராமேசுவரத்தில் இருந்தபடியே பாடினார். இக்கரையில் நின்று பாடப்பெற்ற அம்மலையைக் கடலிலிருந்து நோக்கும் பேறு நமக்குக் கிட்டுமாயின், அதனினும் பெரிய உல்லாசம் எது? அக்கரையில் நம் மொழியே பேசும் மக்கள் இருக்கிறார்கள். நெடும்போரைக் கடந்து வந்த அவர்களிடம் நாம் கேட்க வேண்டியவை பல. நான்கு மணி நேரமே கிடைப்பினும் அதில் ஒரு மணியை அங்குள்ள கவிஞர்களோடு அமர்ந்து கேட்பதற்கென ஒதுக்குமாறு செயற்குழுவை வேண்டுகிறேன்.

பெரும்பாணாற்றுப்படை கலங்கரை விளக்கத்தைப் பாடுகிறது. அவ்விளக்கு கரையில் நிற்பவர்க்காக ஏற்றப்பட்டதன்று. கடலில் இருப்பவர்க்காக ஏற்றப்பட்டது. அதன் ஒளி எப்படி இருக்கும் என்பதைக் கடலிலிருந்து கண்டு எழுதிய தமிழ்க் கவிதைகள் மிகச் சிலவே. பெண்கள் எழுதியவை அவற்றினும் சில. அடுத்த ஆண்டு மலரில் அத்தகைய கவிதைகளைப் படிக்க ஆவலாய் இருக்கிறேன்.