சிறுநீர் அடைத்துக்கொண்டால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்
(நம் குடியிருப்பு மூத்தோர் கூட்டத்தில் பேசியது)



நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, வங்கி கவுன்ட்டரில் ரிட்டயர் ஆனவன். என் அண்ணாவுக்கு ப்ராஸ்டேட் ஆபரேஷன் ஆனபோது ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தேன். அங்கே பார்த்ததையும் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன். நம் பிளாக்குகளில் அறுபதைத் தாண்டியவர்கள் நிறையப் பேர். கூச்சத்தில் இதை யாரும் பேசுவதில்லை.

ப்ராஸ்டேட் வீக்கம், புற்றுநோய், கல், கிருமித் தொற்று எனப் பல காரணங்களால் சிறுநீரில் ரத்தம் வரலாம். ரத்தம் அதிகமானால் சிறுநீர்ப்பைக்குள்ளேயே உறைந்து கட்டியாகும். அந்தக் கட்டி வழியை அடைத்தால் சிறுநீர் வராது. அடிவயிறு உப்பி, வலி தாங்க முடியாது. "நிறையத் தண்ணீர் குடிங்க, சரியாகிடும்" என்பார்கள். அடைத்த பிறகு குடிக்கும் தண்ணீர் வயிற்றை இன்னும் உப்ப வைக்கும், அவ்வளவுதான். நடுராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிட்டுவிடுங்கள்.

சாதாரண யூரின் டியூப் சுமார் 5 மி.மீ. தடிமன். ரத்தக்கட்டி அதில் சுலபமாக வராது. அதனால் 7, 8 மி.மீ. டியூப் போடுவார்கள். அதற்கு மூன்று வழி: ஒன்று உள்ளே பலூனை ஊத, ஒன்று சலைன் போக, ஒன்று வெளியே வர. முதலில் பெரிய சிரிஞ்சால் சலைனைச் செலுத்திச் செலுத்தி உறிஞ்சிக் கட்டிகளை எடுப்பார்கள். பிறகு சலைனைத் தொடர்ந்து விட்டுக் கழுவுவார்கள். அப்படியும் தீராவிட்டால் மயக்க மருந்து கொடுத்து, சிறுநீர் வழியாகவே கருவியை விட்டு எடுத்து, ரத்தம் கசியும் இடத்தைச் சுட்டு அடைப்பார்கள்.

கூட இருப்பவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. அது எனக்குப் பழகிய வரவு செலவுக் கணக்குதான். உள்ளே 3 லிட்டர் சலைன் போனால், அந்த 3 லிட்டரோடு சிறுநீரும் சேர்ந்து வெளியே வர வேண்டும். பேக்கைக் காலி செய்யும்போதெல்லாம் அளவை எழுதி வையுங்கள். குறைந்தால் டியூப் மடிந்திருக்கும், இல்லை கட்டி அடைத்திருக்கும். அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிடுங்கள். சலைனை நிறுத்தி அடைப்பை எடுக்க வேண்டும். அண்ணாவுக்கு இரண்டாம் நாள் ராத்திரி கணக்கு உதைத்தது. சொன்னதும் நர்ஸ் வந்து, சிரிஞ்சால் ஒரு கட்டியை எடுத்தார்.

வீட்டுக்கு வந்த பிறகும் கவனம் வேண்டும். ஆபரேஷன் ஆன இரண்டு வாரத்தில் உள்ளே பொருக்கு உதிர்ந்து மறுபடி ரத்தம் வரலாம். மலச்சிக்கலுக்கு இடம் கொடுக்காதீர்கள், முக்காதீர்கள், கனம் தூக்காதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாங்களாக நிறுத்த வேண்டாம். டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். மருந்துப் பட்டியலை எழுதி, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. வலியில்லாமல் ஒரே ஒரு முறை ரத்தம் வந்து நின்றுவிட்டாலும், யூராலஜி டாக்டரைப் பாருங்கள். புகை பிடித்தவர்கள் கட்டாயம் பாருங்கள். புற்றுநோயின் முதல் அறிகுறி அப்படியும் வரலாம்.