பொருளியற் கல்வியும் நம் இளைஞரும்

(வேடசந்தூரில் நடைபெற்ற நம் கல்விச் சங்க வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

நம் பிள்ளைகளின் படிப்பிற்காக இருபத்தைந்து ஆண்டுகள் வாசல் வாசலாக ஏறி இறங்கிய சங்கம் இது. அதன் வெள்ளி விழாவில், பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயில்வது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். கல்லூரியில் அப்பாடத்தைக் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதன்றி எனக்கு வேறு தகுதி இல்லை. ஆயினும், பொருளியலின் முதற்பாடத்தை நான் கல்லூரியில் கற்கவில்லை. கடலைக் காட்டில் கற்றேன்.

என் தாயார் கடலை ஆயும் கூலி வேலைக்குச் செல்வார். கூலி காசாக வராது. ஆய்ந்த கடலையைப் படியால் அளந்து, இத்தனை படிக்கு ஒரு படி என்று கொடுப்பார்கள். ஆய்ந்ததை அளக்க ஒரு படி. கூலியை அளக்க இன்னொரு படி. இரண்டும் ஒரே அளவல்ல என்பது காட்டில் இருந்த அனைவருக்கும் தெரியும். சிறுவனாகிய நான் ஒரு நாள் அதை வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். தாயார் என் வாயைப் பொத்தி, "படி அவங்க படி, சாமி. நாம என்ன சொல்ல முடியும்?" என்றார்.

அவையோர்களே! அளவுகோல் பிறர் கையில் இருக்கும்வரை உழைப்பின் மதிப்பும் பிறர் கையில்தான் இருக்கும். அந்த அளவுகோலை அறியவும், சரிபார்க்கவும், தவறென்றால் சான்றோடு எடுத்துரைக்கவும் கற்றுத்தரும் கல்வியே பொருளியல். நம் பிள்ளைகள் அதை இளங்கலையோடு நிறுத்திவிடாமல் முதுகலை வரை பயில வேண்டும் என்று நான் வேண்டுவதும் இதனால்தான்.

முதலில் இளங்கலையைக் கூறுகிறேன். பி.ஏ. வகுப்பில் தேவை, அளிப்பு, விலை, கூலி, வாரம், வட்டி, இலாபம் ஆகியவற்றின் இலக்கணம் கற்பிக்கப்படுகிறது. இவை ஏட்டுச் சொற்கள் அல்ல. முருங்கை நன்றாகக் காய்த்த பருவத்தில் ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் கொண்டு செல்கிறோம். விலை சரிந்து, ஏற்றிச் சென்ற வண்டிக் கூலிக்கும் கட்டவில்லை என்று திரும்புகிறோம். விளைச்சல் பெருகியும் வருமானம் குறைவது ஏன்? விலை பாதியானாலும் எந்த வீட்டிலும் இருமடங்கு முருங்கைக்காய் சமைப்பதில்லை. இதனை நெகிழ்ச்சி குறைந்த தேவை என்று பொருளியல் கூறும். பணக்கூலி வேறு, உண்மைக் கூலி வேறு என்பதும் அவ்வகுப்பில் தெளிவாகும். கையில் வாங்கும் ரூபாய் பணக்கூலி. அந்த ரூபாய்க்குக் கிடைக்கும் அரிசியும் பருப்பும் உண்மைக் கூலி. முன்னது உயர்ந்தும் பின்னது தாழ்வது உண்டு.

ஆனால் இளங்கலை நமக்குச் சொற்களைத் தருகிறது. அச்சொற்களைக் கொண்டு வழக்காடும் வலிமையை முதுகலையே தருகிறது. இதற்கு நம் கண்முன் நிற்கும் பெருஞ்சான்று அண்ணல் அம்பேத்கர் அவர்கள். அவரைச் சட்ட மேதையாக அறிந்தவர் பலர். பொருளியல் அறிஞராக அறிந்தவர் சிலரே. பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பொருளியலும் அரசியலும் பயின்று 1912ஆம் ஆண்டு அவர் பி.ஏ. பட்டம் பெற்றார். அத்தோடு நின்றிருந்தால் ஓர் அலுவலராக வாழ்ந்து மறைந்திருக்கக்கூடும். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையால் 1913இல் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். 1915இல் பழங்கால இந்திய வாணிகம் பற்றி ஆய்வுரை எழுதி எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916இல் இலண்டன் பொருளியல் பள்ளியில் சேர்ந்தார். உதவித்தொகையின் காலம் முடிந்தமையால் 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். பரோடாவில் பணியேற்கச் சென்ற அவருக்கு, சாதியின் காரணமாகத் தங்க ஓர் இடமும் கிடைக்கவில்லை.

அவர் சோர்ந்து அமரவில்லை. 1918இல் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பொருளியல் பேராசிரியரானார், ஊதியத்தைச் சேமித்தார், கோலாப்பூர் மன்னர் சாகு மகராசரின் உதவியும், நண்பரிடம் பெற்ற கடனும் துணைநிற்க, 1920இல் மீண்டும் இலண்டன் சேர்ந்தார். 1921இல் எம்.எஸ்சி., 1923இல் டி.எஸ்சி. பட்டங்களைப் பெற்றார். ரூபாயின் சிக்கல் பற்றிய அவரது ஆய்வு அந்த ஆண்டிலேயே நூலாகவும் வெளிவந்தது. ரூபாயின் மதிப்புச் சரிந்து விலைகள் ஏறும்போது கூலி உடனே ஏறுவதில்லை. ஏற்றுமதியாளர் அடையும் ஆதாயம் கூலியாளின் வயிற்றிலிருந்தே வருகிறது என்று அதில் எடுத்துக்காட்டினார். நாணயம் பற்றி ஆராய ஹில்டன் யங் தலைமையில் அமைந்த அரச ஆணையத்தின்முன் 1925இல் அவர் சாட்சியம் அளித்தார். ஊர்ப் பள்ளியில் தண்ணீர்ப் பானையைத் தொட அனுமதிக்கப்படாத மாணவர், நாட்டின் பணத்தைப் பற்றிப் பேரரசின் ஆணையத்திடம் கருத்துரைத்தார். அந்த இடத்தை அவருக்குப் பெற்றுத் தந்தது மேற்படிப்பே.

அவரது மற்றுமொரு கட்டுரை நம் வட்டாரத்திற்கு நேராகப் பொருந்துவது. இந்தியாவின் சிறு நிலங்கள் பற்றி 1918இல் எழுதினார். துண்டு நிலங்களை ஒன்றாக இணைத்துவிட்டால் உழவு செழிக்கும் என்று அக்காலத்தில் பலர் வாதிட்டனர். அண்ணல் அதை மறுத்தார். ஒரு நிலம் சிறிதா பெரிதா என்பதை ஏக்கர் கணக்கு மட்டும் தீர்மானிக்காது. அதில் இடும் மூலதனமும் உழைப்பும் எவ்வளவு என்பதே தீர்மானிக்கும் என்றார். நிலத்தை நம்பி அளவுக்கு மீறிய மக்கள் வாழ்வதே நோய். தொழில் வளர்ச்சியே மருந்து என்று முடித்தார்.

நூற்றாண்டு கடந்த பின் நம் ஊரைப் பாருங்கள். வானம் பார்த்த செம்மண் காடு. தண்ணீர் குறைந்த குடகனாறு. அதனருகே எழுந்து நிற்கும் நூற்பாலைகள். அண்ணல் கூறிய தொழில் வந்திருக்கிறது. வந்த தொழிலில் நம் பங்கு என்ன? மேல்நிலைத் தேர்வு எழுதிய மறுவாரமே ஆலை வண்டி வாசலில் நிற்கிறது; நம் பெண்களும் பையன்களும் ஏறிச் செல்கிறார்கள். அவர்களது உண்மைக் கூலி எவ்வளவு, மிகைநேர உழைப்பின் கணக்கு என்ன, விடுதிக்கும் உணவுக்கும் பிடிப்பது முறையா? இவற்றை ஆராய்ந்து எழுத நம்மிடையே எத்தனை முதுகலையர் உண்டு? வைசிராய் அவையில் தொழிலாளர் துறையை 1942 முதல் 1946 வரை அண்ணல் வகித்தார். ஆலைகளின் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைத்த 1946ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அக்காலத்தில் வகுக்கப்பட்டது. கணக்கறிந்தவர் கையில் அதிகாரம் சேர்ந்தமையால் விளைந்த நன்மை அது.

கணக்கெடுத்து எழுதிய அறிக்கை எதைச் சாதிக்கும் என்பதற்குத் தமிழகத்திலேயே சான்றுண்டு. செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்கீர், நம் மக்களின் நிலமற்ற நிலையை 1891இல் அறிக்கையாக எழுதினார். 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்ததற்கு அவ்வறிக்கையே அடிப்படை. அந்நிலங்களில் பெரும்பகுதி பின்னர் கைமாறிப்போயின. கொடுத்ததற்கும் ஏடே சான்று. இழந்ததை மீட்கவும் ஏடே சான்று. அந்த ஏட்டைப் படிக்கப் பயிற்சி பெற்ற கண்கள் நமக்கு வேண்டும்.

மாணவச் செல்வங்களே! முதுகலை எளிதென்று நான் கூறமாட்டேன். தமிழ் வழியில் பி.ஏ. முடித்து எம்.ஏ. வகுப்பில் அமர்ந்தபோது ஆங்கிலம் எனக்குச் சுவராக நின்றது. கணிதம் அதன்மேல் இட்ட முள்வேலியாக இருந்தது. முதல் தேர்வில் புள்ளியியலில் தோற்றேன். ஊர் திரும்பிவிட எண்ணினேன். பிறகு மேல்நிலைப் பள்ளிக் கணிதப் புத்தகத்தை இரவல் வாங்கி முதற்பக்கத்திலிருந்து போட்டுப் பார்த்தேன். அறிவுக் குறைவு அன்று, அடித்தளக் குறைவே என்பது இரண்டு மாதங்களில் விளங்கிற்று. ஆகவே பி.ஏ. சேரும் நாளிலிருந்தே நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் கணிதமும், ஒரு பக்கம் ஆங்கிலமும் பழகி வாருங்கள்.

படித்துப் பயன் என்ன என்று பெற்றோர் கேட்பது நியாயம். கல்லூரி ஆசிரியப் பணிக்கான தகுதித் தேர்வு எழுதவும், இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு எழுதவும் பி.ஏ. போதாது, முதுகலை வேண்டும். தொலைவும் பெரிதல்ல. காந்திகிராமம் நம் மாவட்டத்திலேயே உள்ளது. மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் எட்டும் தூரத்திலேயே உள்ளது.

எனினும் ஒன்றை மறைக்கலாகாது. பிள்ளையை எம்.ஏ. படிக்க வைக்காத தகப்பனை அறியாதவர் என்று ஏசுவது தவறு. அவர் சரியாகவே கணக்கிடுகிறார். படிப்பின் செலவு கட்டணம் மட்டுமன்று. அந்த இரண்டு ஆண்டுகளில் பிள்ளை ஈட்டியிருக்கக்கூடிய கூலியும் செலவே. பொருளியல் அதனை வாய்ப்புச் செலவு என்கிறது. வசதியுள்ள வீட்டுக்கு அது பெரிதாகத் தெரியாது. நம் வீட்டில் அது அடுப்பையே அணைத்துவிடும். 1944 முதல் நடைமுறையில் உள்ள மத்திய அரசின் உதவித்தொகை பெருந்துணைதான். ஆனால் அது தாமதித்து வருகின்ற மாதங்களில் விடுதிக் கட்டணத்திற்கு வழியின்றிப் படிப்பை விட்ட மாணவர்களை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

ஆதலின் இச்சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். வெள்ளி விழா நினைவாக மண்டபம் வேண்டாம். ஒரு கைமாற்று நிதி ஏற்படுத்துங்கள். முதுகலை சேரும் மாணவருக்கு முதல் ஆறு மாதச் செலவை அதிலிருந்து கொடுங்கள். அரசுத் தொகை வந்ததும் அவர் திருப்பிச் செலுத்தட்டும். அடுத்தவர் அதைப் பெறட்டும். அண்ணலுக்கும் இடைநின்ற படிப்பைத் தொடர நண்பரின் கடன் தேவைப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இறுதியாக ஒன்று. எம்.ஏ. ஆய்வேட்டிற்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் எங்கள் ஊர்க் கூலி முறை. பழைய படிகள் இரண்டையும் கேட்டு வாங்கி, கடலை நிரப்பி, தராசில் நிறுத்தேன். கூலிப் படி குறைவாகவே இருந்தது. ஆய்வேடு முடிந்த அன்று தாயாரிடம் அதைச் சொன்னேன். "அதை எழுதி வச்சிட்டியா?" என்று ஒரே கேள்வி கேட்டார். எழுதிவிட்டேன் என்றேன். "அப்போ சரி" என்றார்.

எழுதி வைக்க வேண்டியவை இன்னும் நிறைய இருக்கின்றன, செல்வங்களே. வாருங்கள், படியுங்கள், பாதியில் நிறுத்தாதீர்கள்.