கொட்டகையில் நிற்கும் உப்பு



2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், நொய்யல் ஆற்றில் கழிவு விட்ட திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அன்று வேலை இழந்தவர்களும் இந்தப் பந்தலில் இருக்கிறீர்கள். அதற்கு முன்பே அந்த ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கி, கிணறு உவர்த்து, வெள்ளாமையை இழந்தவர்களும் இருக்கிறீர்கள். இரண்டு பேருடைய வலியும் எனக்குப் பெரியதுதான்.

அந்த அடியில்தான் இந்த ஊர், கழிவுநீரை வெளியே விடாத ஜீரோ டிஸ்சார்ஜைக் கற்றுக்கொண்டது. கழிவுநீரை நுண்ணுயிர்களிடம் விட்டு, ஆர்.ஓ. மெம்பரேனில் வடித்து, பெரும்பகுதித் தண்ணீரை மறுபடி சாயத்துக்கே அனுப்புகிறோம். இது சாதனை. ஆனால், வேலை இன்னும் முடியவில்லை.

ஏன் என்று கேளுங்கள். பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். அடர்ந்த நிறம் என்றால் லிட்டருக்கு 60 கிராமுக்கு மேலும் போடுகிறோம். சாயம் துணியில் தங்கும், உப்பு தங்காது. போட்ட உப்பு அத்தனையும் கழிவில்தான் வரும். ஆர்.ஓ. ஒதுக்கிய அந்தக் கெட்டித் தண்ணீரைக் குளிரவைத்தால் கிளாபர் உப்பு பளிங்குபோல் படிகிறது. அதைத் திரும்ப சாயத்துக்கே போடலாம். மிச்சத்தை எவாப்பரேட்டரில் காய்ச்சுகிறோம். எவ்வளவு நீராவி, எவ்வளவு செலவு! கடைசியில் கையில் நிற்பது சல்பேட்டும் குளோரைடும் கலந்த கலவை உப்பு. சாயத்துக்கும் ஆகாது, மண்ணில் கொட்டவும் கூடாது. மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் கிடக்கிறது. கூரை ஒழுகி ஒரு மழை உள்ளே இறங்கினால், கரைந்து போகிற இடம் நம் நிலத்தடி நீர்தான்.

சல்பேட்டைத் தடுத்து, குளோரைடை விடும் நானோ மெம்பரேன் இருக்கிறது. காய்ச்சுவதற்கு முன்பே பிரித்துவிட்டால் இரண்டு உப்பும் பயன்படும். அதைவிட நல்லது, உப்பே குறைவாகக் கேட்கும் சாயமுறை. குறைந்த தண்ணீரில் ஓடும் மெஷின். பெரிய பட்டறைக்கு இது முடியும். சின்னப் பட்டறைக்கு வங்கிக் கடனும் அரசு மானியமும் இல்லாமல் முடியாது. அதை உரக்கக் கேட்போம். மலிவு விலைக்குத் துணி வாங்கும் வெளிநாட்டு பிராண்டுகளும் இந்தச் செலவில் பங்கு தரட்டும்!

முதலாளிமார்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். எத்தனை டன் கலவை உப்பு நிற்கிறது, இந்த மாதம் எவ்வளவு குறைந்தது என்று ஒவ்வொரு சுத்திகரிப்பு நிலைய வாசலிலும் பலகையில் எழுதி வையுங்கள். கீழ்க்கரை விவசாயி வந்து படிக்கட்டும்; சந்தேகம் இருந்தால் கொட்டகையைத் திறந்து காட்டச் சொல்லட்டும்.