அழாத பிள்ளைக்கும் பால் வேண்டும்

(ஆதரவாளர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



உங்கள் முன் நிற்கும்போது புதிய கட்டிடத்தைப் பற்றியோ புதிய கருவியைப் பற்றியோ பேசுவது எங்கள் வழக்கம். இன்று ஒரு பட்டியலைப் பற்றிப் பேச விரும்புகிறோம். வார்டில் எந்த நோயாளிக்கு என்னென்ன மருந்து போகிறது என்ற சாதாரணப் பட்டியல்தான் அது.

நம்முடைய இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. பல மருந்துகள் உடலைவிட்டு வெளியேறுவதும் அவ்வழியாகத்தான். ஆகவே சில மருந்துகளின் கடுமை முதலில் அங்கேதான் விழுகிறது. ஜென்டாமைசின், அமிகாசின் போன்றவை சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் தங்கி, நாளுக்கு நாள் சேர்ந்து, அவற்றைக் கெடுக்கக்கூடும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு வரும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடும். வயிற்றுப்போக்கினால் உடலில் நீர் வற்றியிருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். ஒரு மருந்தைத் தாங்கும் சிறுநீரகம், இரண்டு மூன்று சேரும்போது தளர்ந்துவிடலாம்.

அப்படியானால் இவற்றை நிறுத்திவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். இரத்தத்தில் கிருமி பரவிய குழந்தைக்கு அந்த ஊசிதான் உயிர். அதை மறுத்தால் சிறுநீரகம் பிழைக்கும், குழந்தை பிழைக்காது. மருந்தையும் கொடுக்க வேண்டும், கெடுதியையும் முன்னறிய வேண்டும். மருத்துவர்களின் இக்கட்டு இதுவே.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். சிறுநீரகமோ அழாத பிள்ளை. மருந்தினால் அது பழுதுபடும்போது பெரும்பாலும் வலி இராது. ஜென்டாமைசின் போன்றவற்றால் கெடும்போது சிறுநீரும் வழக்கம்போலவே போகக்கூடும். இரத்தத்தில் கிரியாட்டினின் அளவைச் சோதித்தால்தான் தெரியும். அதுவும் பாதிப்பு தொடங்கிச் சற்றுத் தாமதித்தே உயர்கிறது. நேற்றைய அளவு தெரிந்திருந்தால்தான் இன்றைய உயர்வு புலப்படும்.

அமெரிக்காவில் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில், சிறுநீரக மருத்துவர் ஸ்டூவர்ட் கோல்ட்ஸ்டைனும் அவருடைய குழுவினரும் 2011-ல் ஒரு முறையைத் தொடங்கினார்கள். அதற்கு 'நிஞ்சா' என்று பெயர். விதி மிக எளிது. அமிகாசின் வகை ஊசி மருந்தை 3 நாட்களோ அதற்கு மேலோ பெறும் பிள்ளைகள், சிறுநீரகத்துக்கு ஊறு செய்யக்கூடிய 3 அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளை ஒரே நாளில் பெறும் பிள்ளைகள் ஆகியோரின் பெயர்கள் பட்டியலில் வரும். மருந்தாளுநர் தினமும் அதைப் பார்த்து, மருத்துவர்கள் வார்டைச் சுற்றி வரும்போது, "இந்தப் பிள்ளைக்கு இன்று கிரியாட்டினின் பாருங்கள். இந்த மூன்று மருந்தும் இன்னும் தேவைதானா?" என்று கேட்பார்.

2016-ல் வெளியான அவர்களுடைய அறிக்கையின்படி, இவ்வகை மருந்துச் சுமைக்கு உள்ளாவது 38 சதவீதமும், சிறுநீரகப் பாதிப்பு 64 சதவீதமும் குறைந்தன. பின்னர் 9 குழந்தைகள் மருத்துவமனைகளில் இதைச் செய்து பார்த்தபோது பாதிப்பு ஏறத்தாழ 24 சதவீதம் குறைந்ததாக 2020-ல் அறிவித்தார்கள். புதிய மருந்து எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

கணினியும் இப்போது இந்த வேலைக்கு வந்திருக்கிறது. 7 லட்சத்துக்கும் அதிகமான அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் மருத்துவக் குறிப்புகளைக் கொண்டு பழக்கப்பட்ட ஒரு கணினி முறை, மருத்துவமனையில் நேரிடும் திடீர் சிறுநீரகப் பாதிப்புகளில் பாதிக்கு மேற்பட்டவற்றை 48 மணி நேரம் வரை முன்பாகவே கணித்ததாக 2019-ல் எழுதினார்கள். ஆனால் ஒவ்வொரு சரியான எச்சரிக்கைக்கும் இரண்டு பொய் எச்சரிக்கைகள் வந்தன. வேறொரு ஆராய்ச்சியில், 6 மருத்துவமனைகளில் 6,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்குச் சிறுநீரகப் பாதிப்பு நேர்ந்ததும், கணினித் திரையில் மருத்துவருக்கு எச்சரிக்கை காட்டிப் பார்த்தார்கள். மொத்தத்தில் நோயாளிகளின் நிலை அதனால் மேம்படவில்லை என்று 2021-ல் வெளிவந்தது. எச்சரிக்கை திரையில் தோன்றினால் மட்டும் போதாது. அதைக் கையிலெடுத்து, படுக்கையருகே சென்று, கேள்வி கேட்டு, மாற்ற வேண்டியதை மாற்றும் ஒருவர் வேண்டும்.

நண்பர்களே, உங்கள் வீட்டாரை மருத்துவமனையில் சேர்க்கும்போது நீங்களும் இதில் பங்கு பெறலாம். வீட்டில் சாப்பிடும் எல்லா மருந்துகளையும், கடையில் வாங்கிய வலி மாத்திரையையும் நாட்டு மருந்தையும் சேர்த்து, ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வாந்தி, பேதி இருந்தால் மறவாமல் சொல்லுங்கள். "கிரியாட்டினின் பார்த்தாயிற்றா?" என்று தயங்காமல் கேளுங்கள். நீங்களாக மட்டும் எந்த மருந்தையும் நிறுத்திவிட வேண்டாம்.

கட்டிடம் கட்டினால் கல்வெட்டு வைக்கலாம். தினந்தோறும் செய்யும் இரத்தப் பரிசோதனைக்கும், பட்டியலைப் படிக்கும் மருந்தாளுநரின் சம்பளத்துக்கும் கல்வெட்டு கிடையாது. வராமற்போன வியாதிக்காக நன்றி சொல்ல எவரும் வாசலுக்கு வருவதுமில்லை. ஆனாலும் டயாலிசிஸ் இல்லாமல் ஒரு பிள்ளை வீடு திரும்புவதற்கு இவையே காரணமாயிருக்கக்கூடும். இனி எந்த மருத்துவமனைக்கு நீங்கள் கொடுத்தாலும், பெயர் பொறிக்கப்படாத இந்தச் செலவுகளையும் நினைத்துக்கொள்ளும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.