ஓர் எழுத்தின் இரண்டு ஒலிகள்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் ரிச்சர்ட்ஸ் டவுனில் பல மொழிப் பிள்ளைகளும் கூடி விளையாடுகின்றனர். ஒருநாள் மாலை என் இளைய மகன் ஓடிவந்து, "அப்பா, சாய் வேண்டும்" என்றான். "தமிழ்ப் பிள்ளை தேநீர் என்றன்றோ சொல்லவேண்டும்!" என்று கடிந்துகொண்டேன். பின்னர் நூல்களைப் புரட்டியபோதுதான், தேநீரில் நீர் மட்டுமே நம்முடையது என அறிந்து நாணினேன்.

இப்பானத்தைக் குறிக்கச் சீனர்க்கு ஓர் எழுத்துண்டு. மேலே புல்லின் குறி. நடுவே கால்களை அகற்றி நிற்கும் மனிதன் போன்ற வடிவம். கீழே மரம் போன்ற அடி. புல்லுக்கும் மரத்துக்கும் நடுவே மனிதன் என்று நயமாக விளக்குவாருண்டு. வரலாறு அவ்வளவு நயமானதன்று. கசப்புக் கீரை ஒன்றைக் குறித்த பழைய எழுத்தையே முன்பு இதற்கும் வழங்கினர். தாங் அரசர் காலத்தில் அதில் ஒரு கோடு குறைந்து இது தனியெழுத்தாயிற்று. தேயிலைக்கென லூ யூ என்பார் தனிநூல் இயற்றியதும் அக்காலத்தில், 8-ஆம் நூற்றாண்டில்தான்.

எழுத்து ஒன்றே, ஒலி இடத்துக்கு இடம் வேறு. வடசீனரும் கான்டன் நகரத்தாரும் அதனைச் 'சா' என்பர். அமாய்த் துறைமுகத்தார் 'தே' என்பர். தரைவழியே பாரசீகம் புகுந்தது 'சாய்' ஆயிற்று. உருதுவின் சாய், கன்னடரின் சஹா, மலையாளிகளின் சாயா யாவும் அக்கிளை. அமாய் ஒலியை 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றனர். ஆங்கிலேயரின் 'டீ'யும் நம் 'தே'யும் அவ்வொலியின் வழிவந்தவையே.

தே, இலை என்னும் இரண்டும் யகர உடம்படுமெய் பெற்றுத் தேயிலை ஆயின. தேய்ந்த இலை என்று பொருள் கூறுவது பொருந்தாது. சீனரும் இவ்வெழுத்தோடு இலையைக் குறிக்கும் எழுத்தைச் சேர்த்துச் 'சா யே' என்றே கடையில் கேட்கின்றனர்! கிண்ணத்தைச் சேர்த்தால் தேநீர்க் கிண்ணம். திருமணத்தில் மணமக்கள் பெரியோர்க்குத் தேநீர் அளித்து வணங்கும் சடங்கின் பெயரிலும் இவ்வெழுத்தே நிற்கிறது.

1867-இல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் லூல்கந்துராவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். பின்னர் அத்தீவின் மலைகளெங்கும் கூடை சுமந்து கொழுந்து கொய்தவருள் மிகப்பலர் நம் தமிழ் மக்கள். வந்த சொல்லேயாயினும், அவர்கள் வாயில் வழங்கிய சொல்லை அயலெனத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. அங்ஙனமாயின், என் மகனின் சாயை மட்டும் நான் எப்படித் தள்ளுவேன்?

அவன் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறான். வீடு சென்றதும் அவன் கேட்ட சாய் ஒரு குவளை, என் கையாலேயே போட்டுத் தருவதாக இருக்கிறேன்.